டைரக்ட் பண்ணக் கூடாத ஒயர்

2014-ஆம் ஆண்டில் கார் உலகத்திலிருந்து இரண்டு செய்திகள் மூன்று மாத இடைவெளியில் வந்தன. பிப்ரவரியில் மாருதி நிறுவனம் கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை பெரும்பாலும் விலை கூடிய கார்களில் மட்டும் கிடைத்த ஆட்டோ கியர் வசதி நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. மே மாதத்தில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. ஒரு தலைமுறை ஓட்டுநர்களின் கைப்பழக்கம் முடிந்ததும் வேறொரு பழக்கம் தொடங்கியதும் ஒரே ஆண்டில். ஆரணி போன்ற பட்டு நெசவு ஊர்க்காரர்களுக்கு இது கண்முன்னே நடந்த மாற்றம். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்களின் அம்பாசிடர்கள் நின்ற தெருக்களில் இப்போது இரண்டே பெடல் உள்ள கார்கள் நிற்கின்றன. அந்தப் பழைய நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன உறுப்பைப் பற்றிப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. ஆட்டோ கியர்பாக்ஸின் பக்கவாட்டில், உள்ளங்கையில் அடங்கும் அளவில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. நியூட்ரல் சுவிட்ச் என்றும் இன்ஹிபிட்டர் சுவிட்ச் என்றும் பட்டறைகளில் சொல்வார்கள். அது கெட்டால் மாற்ற வேண்டும். ஒயரை டைரக்ட் பண்ணி அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஏன் கூடாது என்பதற்கான காரணம், நாம் மறந்துவிட்ட அந்தப் பழைய கைப்பழக்கத்தில் இருக்கிறது.

அந்தக் காலத்து ஓட்டுநர்களை நினைத்தால், அவர்கள் வண்டியை எடுக்கும் விதம்தான் முதலில் நினைவுக்கு வரும். சாவியைத் தொடும் முன்பே இடக்கை கியர் கம்பிக்குப் போய்விடும். பழைய அம்பாசிடரில் அது ஸ்டீயரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வந்த லாரிகளில் தரையிலிருந்து எழும்பி நிற்கும். கம்பியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார்கள். தளர்வாக ஆடினால் நியூட்ரல். அதன் பிறகும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டுதான் ஸ்டார்ட் செய்வார்கள். ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாத வண்டிகள் அன்று நிறைய. ஆகவே நிறுத்தும்போது கியரில் போட்டுவிட்டு இறங்குவது வழக்கம். கியரில் நிற்கும் வண்டியைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்தால் அது துள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன்பே கிளீனர் பையன்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். இதற்கு ஒரு விளக்கோ ஒலியோ சுவிட்சோ கிடையாது. பாதுகாப்பு முழுவதும் ஓட்டுநரின் கையிலும் காலிலும் இருந்தது. அது இயந்திரத்தின் குணமல்ல, மனிதனின் பயிற்சி.

ஆட்டோ கியர் வந்ததும் அந்தப் பயிற்சிக்கு வேலை இல்லாமல் போயிற்று. மிதிக்கக் கிளட்ச் இல்லை. ஆட்டிப் பார்க்கத் தளர்வான கம்பியும் இல்லை. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்ற நிலைகளில் ஏதோ ஒன்றில் கம்பி எப்போதும் பதிந்தே நிற்கும். கையால் தொட்டு உணர்ந்த செய்தி கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு எழுத்தாகிவிட்டது. அதோடு ஆபத்தின் அளவும் மாறிவிட்டது. சாதாரணக் கியர் வண்டியைக் கியரில் வைத்து ஸ்டார்ட் செய்தால் ஒரு துள்ளு துள்ளும். சாவியை விட்டதும் பெரும்பாலும் எஞ்சின் அணைந்து நின்றுவிடும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே இருப்பது இறுகிய பிணைப்பு என்பதால், நின்ற வண்டியின் எடையே எஞ்சினை அமுக்கிவிடுகிறது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோ கியரில் அந்த இறுக்கம் இல்லை. அங்கே விசையைக் கடத்துவது எண்ணெய். வண்டி நின்றாலும் எஞ்சின் அணையாது. எஞ்சின் ஓடும்வரை டிரைவில் இருக்கும் கார் தானாகவே நகரப் பார்க்கும். குளிர்ந்த எஞ்சின் முதல் சில நிமிடங்கள் வேகமாகச் சுற்றுவதால் அந்த இழுப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். பிரேக்கில் கால் இல்லாமல் டிரைவில் ஸ்டார்ட் ஆன ஆட்டோ கார், ஒருவர் பிரேக்கை மிதிக்கும் வரையோ எதன் மீதாவது மோதும் வரையோ போய்க்கொண்டே இருக்கும்.

இதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச். கியர் கம்பியிலிருந்து வரும் கேபிள், கியர்பாக்ஸின் வெளியே தெரியும் ஒரு தண்டைத் திருப்புகிறது. சுவிட்ச் அந்தத் தண்டின் மீதே மாட்டப்பட்டிருக்கிறது. தண்டு பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால் மட்டும் உள்ளே இருக்கும் தகடுகள் சேர்ந்து, செல்ஃப் மோட்டாரின் ரிலேவுக்குச் சுற்று முழுமையாகும். ரிவர்ஸில் இருந்தால் அந்தச் சுற்று அறுந்து, பின்பக்க வெள்ளை விளக்குக்கான சுற்று சேரும். எந்த நிலையில் வண்டி இருக்கிறது என்பதை டாஷ்போர்டு எழுத்துக்கும் கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் சொல்வதும் இதே சுவிட்ச்தான். இடக்கை ஆட்டிப் பார்த்தது, இடக்கால் மிதித்தது, பின்னால் நிற்பவருக்குக் குரல் கொடுத்தது எல்லாம் சேர்ந்து செய்த வேலையில் பெரும்பகுதி இந்தச் சிறு பெட்டிக்குள் போய்விட்டது.

இந்த ஏற்பாடு கார் நிறுவனங்களின் நல்லெண்ணத்தால் மட்டும் உறுதிப்பட்டதல்ல. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற ஆட்டோ கியர்பாக்ஸைக் கொடுத்தது. பெருமளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோ கியர்பாக்ஸ் அதுதான். அதன் கியர் வரிசையில் லோ கியருக்கு அடுத்த நிலையே ரிவர்ஸ். முன்னே போக நினைத்துக் கம்பியைத் தள்ளியவர் பின்னே போகக் கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறியதும் குழப்பத்தைக் கூட்டியது. கார் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நாடர் 1965-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், கார்வேயர் என்ற காரின் கோளாற்றோடு இந்தக் கியர் வரிசைக் குழப்பத்தையும் எடுத்துக்காட்டினார். 1968 ஜனவரி முதல் அமெரிக்கக் கூட்டாட்சிப் பாதுகாப்பு விதி 102 நடைமுறைக்கு வந்தது. முன்செல்லும் நிலைக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருக்க வேண்டும், வண்டி நகரக்கூடிய எந்த நிலையிலும் செல்ஃப் மோட்டார் இயங்கக் கூடாது என்ற இரண்டையும் அது கட்டாயமாக்கியது. ஓட்டுநர்கள் கவனமாக இருக்கட்டும் என்று விட்டுப் பார்த்த பிறகே, கவனம் மட்டும் போதாது என்ற முடிவுக்கு அந்த நாடு வந்தது.

கவனத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டில் இன்னொரு சான்று உண்டு. 1970-களில், பார்க்கில் நிறுத்தியதாக நினைத்து இறங்கிய பிறகு ஃபோர்ட் கார்கள் ரிவர்ஸில் நகர்ந்துவிடுவதாக ஏராளமான புகார்கள் எழுந்தன. உயிரிழப்புகளும் அவற்றில் அடக்கம். நீண்ட விசாரணைக்குப் பிறகு 1980-இல் எட்டிய தீர்வு, சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை ஒட்டுத்தாள் அனுப்புவது. பார்க்கில் போட்டிருக்கிறதா என்று பார், ஹேண்ட் பிரேக்கை இழு, எஞ்சினை அணை என்பதே அந்தத் தாளின் சாரம். இயந்திரம் செய்ய வேண்டிய வேலையைத் தாளில் எழுதி மனிதனிடம் திருப்பிக் கொடுத்த அந்தத் தீர்வு அன்றே கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. சுவிட்சை டைரக்ட் பண்ணிவிட்டு, “சார், பார்க்ல இருக்கான்னு பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க” என்று சொல்லி அனுப்பும்போது நம் பட்டறைகளும் அதையேதான் செய்கின்றன. ஒட்டுத்தாள்கூட இல்லாமல், வாய்ச்சொல்லாக.

நெசவு ஊர்க்காரர்களுக்கு இந்த வாதம் புதிதாக இருக்காது. குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவரின் கால் மிதியில் இருக்கிறது, கை நாடாக் கயிற்றில் இருக்கிறது. ஓர் இழை அறுந்தால் கண்ணும் கையும் அதை உணரும்; உணர்ந்த அதே உடல் தறியை நிறுத்திவிடும். தறியை ஓட்டுவதும் அவர், நிறுத்துவதும் அவர் என்பதால் அங்கே தனியாக நிறுத்தும் கருவி தேவைப்படவில்லை. மோட்டார் பூட்டிய விசைத்தறியின் கதை வேறு. இழை அறுந்தது மோட்டாருக்குத் தெரியாது. அது ஓடிக்கொண்டே இருக்கும், குறையோடு துணி சுருண்டுகொண்டே இருக்கும். அதனால் ஊடை அறுந்தால் தறியை நிறுத்தும் முட்கரண்டி போன்ற கருவியும், பாவு இழை அறுந்தால் விழுந்து நிறுத்தும் ஊசிகளும் தேவைப்பட்டன. ஜப்பானில் சகிச்சி தொயோதா 1924-இல் முழுமைப்படுத்திய தானியங்கித் தறியின் பெருமையே, குறை நேர்ந்த கணத்தில் தானே நின்றுவிடும் என்பதுதான். அதனால் ஒரே ஆள் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. அந்தத் தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. தொயோதா குடும்பம் கார் தொழிலில் இறங்கி, 1937-இல் டொயோட்டா மோட்டார் நிறுவனம் உருவானது. குறை கண்டால் தானே நிற்க வேண்டும் என்ற அந்தத் தறிக் கொள்கையை டொயோட்டா தன் கார் ஆலைகளின் அடிப்படை விதியாக இன்றும் சொல்கிறது. மனிதன் செய்த வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும்போது, மனிதனிடம் இருந்த எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிடுங்கிக்கொண்டால், எச்சரிக்கை மனிதனிடமும் இல்லை, இயந்திரத்திடமும் இல்லை.

சுவிட்ச் எப்படிக் கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கெட்டதாகத் தோன்றும் பல சுவிட்சுகள் கெட்டவை அல்ல. பார்க்கில் செல்ஃப் எடுக்கவில்லை, நியூட்ரலுக்குத் தள்ளினால் எடுக்கிறது என்பது பொதுவான முதல் அறிகுறி. ரிவர்ஸ் லைட் எரியாமல் போவது, டாஷ்போர்டில் கியர் எழுத்து மறைவது அல்லது தவறாகக் காட்டுவது, கியர் மாறாமல் வண்டி ஒரே கியரில் இழுப்பது ஆகியவை அடுத்தவை. ஸ்கேனர் வைத்தால் பி0705 என்ற குறியீடு வரலாம்; கியர் நிலையைச் சொல்லும் சுற்றில் கோளாறு என்பது அதன் பொருள். ஆனால் அந்தக் குறியீடு சுற்றைத்தான் குறிக்கிறது, சுவிட்சை மட்டுமல்ல. பேட்டரி பலவீனம், ரிலே கோளாறு, கப்ளரில் ஏறிய ஈரமும் பச்சையும், கேபிளின் முனையில் தேய்ந்த புஷ், சற்றே நகர்ந்துவிட்ட சுவிட்ச் என எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். தண்டின் ஆயில் சீல் கசிந்து எண்ணெய் உள்ளே இறங்கினாலும், எஞ்சின் அறையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலும் சுவிட்ச் பாதிக்கப்படும். ஆகவே முதலில் மல்டிமீட்டர். கப்ளரைக் கழற்றி ஒவ்வொரு நிலையிலும் முனைகளைச் சோதித்தால், பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் செல்ஃப் சுற்று சேர வேண்டும். ரிவர்ஸில் மட்டும் விளக்குச் சுற்று சேர வேண்டும். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். அதைச் செய்யாமல் புது சுவிட்ச் போடுவதும் தவறு, டைரக்ட் பண்ணுவதும் தவறு.

மாற்றும் வேலை, பல மாடல்களில், பயப்படும் அளவுக்குப் பெரியதல்ல. சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கியர் கம்பி நியூட்ரலில் இருக்க வேண்டும். கேபிளையும் தண்டின் மேல் உள்ள நெம்புகோலையும் விடுவித்து, பழைய சுவிட்ச் இருந்த இடத்தைக் கழற்றும் முன்பே குறித்துக்கொள்வது நல்லது. போல்ட்டுகளை எடுத்து அதை உருவியதும் தண்டைச் சுற்றிக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவை விட்டுவிட்டுப் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் கெடும். இந்த வேலையின் உயிர், பொருத்துவதில் இருக்கிறது. சுவிட்சின் மீது நியூட்ரல் கோடு ஒன்று இருக்கும், அல்லது ஊசி நுழைக்கும் துளை இருக்கும். டொயோட்டா போன்றவற்றில் அந்தக் கோடும் தண்டின் பள்ளமும் நேராக நிற்கும்படி பிடித்துக்கொண்டு போல்ட்டை முடுக்க வேண்டும். சற்றுத் திரும்பிவிட்டால் புது சுவிட்சும் பொய் சொல்லும். வண்டி பார்க்கில் எடுக்காமல் போகலாம், இன்னும் மோசமாக, நகரும் நிலையில் எடுக்கலாம். சில புதிய மாடல்களில் சுவிட்ச் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. சிலவற்றில் மாற்றிய பிறகு ஸ்கேனர் வழியாகக் கணினிக்குப் புதிய நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அவற்றை அந்த மாடல் தெரிந்த பட்டறையில் விடுவதே முறை.

டைரக்ட் பண்ணுவதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது செலவும் நேரமும். உதிரிபாகம் சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ வர வேண்டும். கல்யாணத்துக்குக் கிளம்பியவர் நடுவழியில் காத்திருக்க முடியாது. இரண்டு ஒயரை முறுக்கினால் பத்து நிமிடத்தில் வண்டி ஓடும். இது உண்மையான நெருக்கடி, அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. ஆனால் பெரும்பாலான நேரங்களில் நியூட்ரலில் வைத்து, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்தால் வண்டி எடுக்கும். உதிரிபாகம் வரும்வரை அதுவே போதும். கப்ளரைச் சுத்தம் செய்தாலோ கேபிளைச் சரிக்கட்டினாலோ செலவே இல்லாமல் தீரும் கோளாறுகளும் பல. அப்படியும் ஒரு நாளுக்காக டைரக்ட் பண்ணியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு நாள் முடிவதில்லை என்பதுதான் அனுபவம். வண்டி ஓடுகிறது, குறை கண்ணுக்குத் தெரிவதில்லை, அவசரம் தணிந்ததும் அது மறந்துபோகிறது. பிறகு வண்டி கைமாறும். வாங்குகிறவருக்கு அந்த ஒயர் இருப்பதே தெரியாது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் சுவிட்சைப் போடலாமே என்பாரும் உண்டு. மல்டிமீட்டரில் எல்லா நிலையும் சரியாகக் காட்டினால், அது டைரக்ட் பண்ணுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதே தேய்மானத்தோடு வந்த பொருள் என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாவது காரணம் அனுபவம். “இத்தனை வருஷமா ஓட்டறேன், எனக்குத் தெரியாதா” என்பவர் சொல்வது பொய்யல்ல. அவர் ஓட்டும்வரை ஒருவேளை எதுவும் நடக்காது. ஆனால் காரை அவர் ஒருவர் மட்டுமா ஓட்டுகிறார்? வெளியூர்ப் பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் வருவார்; மண்டபத்து வாசலில் வேறொருவர் வண்டியை நகர்த்துவார்; லைசென்ஸ் வாங்கிய பிள்ளை எடுப்பான்; உள்ளே ஏசி ஓடட்டும் என்று சன்னலுக்கு வெளியே நின்றபடி ஒருவர் சாவியைத் திருப்புவார். இந்தக் கடைசிப் பழக்கம் மிகவும் கொடியது, ஏனென்றால் அப்போது பிரேக்கில் யாருடைய காலும் இல்லை. நெசவாளர் தெருக்களின் அமைப்பையும் நினைக்க வேண்டும். பாவு நீட்டிக் கட்டிச் சரிபார்க்கும் தெருக்கள் அவை. வாசற்படிக்கும் வண்டிக்கும் இடையே இரண்டு அடிகூட இருக்காது. திண்ணையில் முதியவர்கள், தெருவில் குழந்தைகள். அங்கே ஒரு கார் தானாக ஐந்து அடி நகர்ந்தாலே அது விபத்துதான். அதே சுவிட்சால் ரிவர்ஸ் லைட்டும் செத்துப்போயிருந்தால், பின்னால் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது.

மூன்றாவது காரணம் சற்று நியாயமானது. சாதாரணக் கியர் வண்டிகளில் இப்படி எதுவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக ஓட்டினோமே. இன்றைய பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கை மிதித்தால்தானே எஞ்சின் எடுக்கிறது. பிறகு இந்தச் சுவிட்ச் எதற்கு என்று கேட்கிறார்கள். முதல் பாதிக்குப் பதில் முன்பே வந்துவிட்டது: அங்கே சுவிட்சின் இடத்தில் ஒரு பழக்கம் இருந்தது, எஞ்சின் அணைந்துவிடும் இயல்பும் துணைக்கு இருந்தது. இன்று அந்த வண்டிகளில்கூடக் கிளட்ச்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் ஏற்பாடு பலவற்றில் வந்துவிட்டது. கைப்பழக்கத்தை நம்ப முடியாது என்று அங்கும் முடிவுசெய்துவிட்டார்கள். இரண்டாவது பாதி உண்மைதான். செலேரியோ போன்ற ஏஎம்டி வகை ஆட்டோ கார்களில் பார்க் நிலையே கிடையாது; நியூட்ரலில், பிரேக்கை மிதித்தால்தான் எடுக்கும். அவற்றின் உள் அமைப்பும் வேறு. ஆனால் சாவி போட்டுத் திருப்பும் பழைய ஆட்டோ கார்கள் பலவற்றில் பிரேக் நிபந்தனை கிடையாது. செகண்ட் ஹேண்டில் நம் ஊர்களுக்கு வருபவற்றில் அத்தகைய கார்களும் உண்டு. அவற்றில் இந்தச் சுவிட்ச் ஒன்றே காவல். இரண்டு காவல் உள்ள புதிய கார்களிலும் ஒன்று இருக்கிறதே என்று மற்றதை எடுத்துவிடுவது தர்க்கமாகாது. ஒன்று தவறும் நாளுக்காகத்தான் இரண்டு வைத்தார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பாதுகாப்புக்காக வைத்த கருவியில் தொழிலாளி வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது என்று தன் 111-ஆவது பிரிவில் விதித்தது. நான்கு சுவருக்குள் இருக்கும் இயந்திரத்துக்கே அவ்வளவு கண்டிப்பு தேவை என்றால், தெருவில் ஓடும் இயந்திரத்துக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது.

ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்னும் பின்னும் ஆளில்லாத திறந்த இடத்தில் காரை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, ரிவர்ஸிலும் டிரைவிலும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். செல்ஃப் எடுக்கவே கூடாது. எடுத்தால் அன்றே பட்டறைக்குப் போங்கள். சுவிட்ச் நகர்ந்திருக்கிறதா, கெட்டிருக்கிறதா, யாரேனும் டைரக்ட் பண்ணி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஆட்டோ கார் வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மெக்கானிக் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டைரக்ட் பண்ணச் சொல்லி வாடிக்கையாளர் கேட்டால், முடியாது என்று சொல்லுங்கள்; ஏன் முடியாது என்பதையும் சொல்லுங்கள். அந்த மறுப்பால் ஒரு வாடிக்கையாளர் போகலாம். போனாலும் மறுப்பதுதான் சரி.